வேலைக் கட்டத்தில் நான் போட்ட பூஜ்யம்

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகப் போகிறது. பிரிவுபசார விழாவில் போர்த்திய சால்வைகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்துத் தீர்த்துவிட்டேன். போன் அழைப்புகளைத்தான் தீர்க்க முடியவில்லை. அரசு மருத்துவமனையில் என் நாற்காலியில் இப்போது உட்காரும் பெண்ணுக்கு, மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேலை முழுக்கக் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டதில் ஒரே குழப்பம். போன வாரம் கேட்டாள்: "மேடம், மனநோய்க்கு மார்க் போடற இடத்துல ‘வேலை’ன்னு ஒரு கட்டம் இருக்குதுங்களே, ஒழுங்கா வேலைக்குப் போறவங்களுக்கு அதுல பூஜ்யம்தானுங்களே?"

அவசரப்பட்டு அமுக்கிவிடாதே என்று சொல்லிப் போனை வைத்தேன். அன்றைக்கு முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. காரணம், அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட்டு ஒரு மனிதரின் பிழைப்பைக் கிட்டத்தட்டக் கெடுத்தவள் நானேதான். கெடுத்துவிட்டுத் தப்பித்தும் விட்டேன். அந்தத் தப்பிப்பை நினைத்தால் இன்றைக்கும் ஒரு பெருமூச்சு வருகிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மனநல சமூகப் பணியாளர். மனநலப் பிரிவில் வேலை என்றால் சொந்தக்காரர்கள் ஒரு அடி தள்ளி நின்று பேசுவார்கள். கல்யாண வீட்டில் மட்டும் ரகசியமாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தூக்க மாத்திரை கேட்பார்கள். கோயம்புத்தூரில் இரண்டு வருஷப் படிப்பு, தருமபுரிப் பக்கம் சில வருஷம், பிறகு திருப்பூருக்கு மாறுதல். படித்ததில் பாதியை முதல் மாதத்திலேயே மறந்து, மீதியை எங்கள் மனநல மருத்துவர் டாக்டர் ஜெபமணியிடம் திருத்திக்கொண்டேன். அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம்.

புதன்கிழமைதோறும் மருத்துவக் குழு கூடும். கை கால் ஊனத்துக்கு அளவுகோலும் நாடாவும் உண்டு. மனதுக்கு எதை வைத்து அளப்பது? அதற்கு ஒரு தாள் இருந்தது. தன்னைப் பராமரித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை என்று நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மார்க். சிரமம் கூடக் கூட மார்க் கூடும். இதோடு நோய் எத்தனை வருஷமாக இருக்கிறது என்பதற்கும் நான்கு வரை சேரும். மொத்தம் ஏழு வந்தால் நாற்பது சதவீதம், அட்டை கிடைக்கும். ஆறு வந்தால் வெறும் காகிதம். ஆளைப் பேட்டி கண்டு, வீட்டாரை விசாரித்து, அந்தத் தாளைப் பென்சிலால் நிரப்பி டாக்டரிடம் கொடுப்பது என் வேலை.

டாக்டர் ஜெபமணி தூத்துக்குடிக்காரர். முப்பது வருஷம் எங்கள் பக்கம் இருந்தும் ‘ங்க’ போட்டுப் பேசக் கற்றுக்கொள்ளவேயில்லை. ஆனால் எங்கள் ஆட்களின் குணத்தை எங்களைவிட நன்றாகப் படித்திருந்தார். "இந்த ஊர்க்காரங்ககிட்ட ‘எப்படி இருக்கீங்க’ன்னு மட்டும் கேட்டுறாதீங்கம்மா. சாகக் கிடந்தாலும் ‘நல்லா இருக்கேனுங்க’ம்பாங்க" என்பார். அவர் கேட்பது ஒரே கேள்வி. நேற்று காலையில் எழுந்ததிலிருந்து சொல்லுங்கள். அதற்குப் பிறகு பேச மாட்டார். மேசை மேல் பென்சிலைப் படுக்க வைத்துவிட்டு, ஆற வைத்த வெந்நீரைக் குடித்துக்கொண்டே காத்திருப்பார். வெளியே வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் அந்த வெந்நீர் மெதுவாகத்தான் இறங்கும்.

என் குறிப்பை என்னையே சத்தமாகப் படிக்கச் சொல்லுவார். ‘நன்றாகப் பழகுகிறார்’ என்று படித்தால் கையைக் காட்டி நிறுத்துவார். நன்றாக என்பதை அடி, யாரோடு என்ன பேசினார் என்று எழுது. ‘சரியாகச் சாப்பிடுகிறார்’ என்றால், எத்தனை இட்லி? ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வரும். மார்க்கையும் உடனே மையால் எழுத மாட்டார். வந்தவர் எழுந்து கதவு வரை நடந்து போவதைப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பார்.

ஒரு தடவை பொங்கலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி தம்பியைக் கூட்டி வந்தார். தம்பிக்கு எண்ணெய் காணாத தலை, கிழிந்த சட்டை, நாலடி தள்ளியே நாற்றம். டாக்டர் தம்பியிடம் நேற்றைப் பற்றிக் கேட்டார். அவர் வெள்ளந்தியாக, மூன்று நாளாக அண்ணன் குளிக்க விடவில்லை, நல்ல சட்டையை ஒளித்து வைத்துவிட்டார் என்று சொல்லிவிட்டார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டர் சிரித்துக்கொண்டே, குளித்தால் மார்க் குறையாது, வீட்டுக்குப் போனதும் முதலில் தண்ணீர் காய வையுங்கள் என்றார். நோய் நிஜம் என்பதால் அட்டையும் கொடுத்தார்.

பொதுவாக எங்களிடம் வருகிறவர்கள் அப்படித்தான், ஒரு பிடி கூட்டித்தான் காட்டுவார்கள். அதனால் குறைத்துக் காட்டுகிற ஆள் வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அவர் பெயர் ஆறுமுகம். திருப்பூர் ராயபுரத்தில் குடியிருந்தார். தறி ஓட்டுகிற குடும்பம். அவர் மட்டும் பதினெட்டு வயதில் ராணுவத்துக்குப் போய், பதினேழு வருஷம் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவர். வடக்கே எல்லையில் ஒரு பனிக்காலத்தில் பக்கத்துப் பதுங்குகுழி மேல் குண்டு விழுந்து, கூட இருந்த மூன்று பேர் போய்விட்டார்கள். ராணுவத்தை விட்டு வரும்போது அங்கேயும் ஒரு மருத்துவக் குழு உண்டு. ஏதாவது தொந்தரவு இருக்கிறதா என்று கேட்டு, சதவீதம் போட்டு அனுப்புவார்கள். இவர் விறைப்பாக நின்று, நன்றாக இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ரயில் ஏறிவிட்டார். அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் மனைவி சரஸ்வதி எங்கள் ஓ.பி.க்கு இழுத்துக்கொண்டு வந்தார். டாக்டர் பார்த்து, பேரதிர்ச்சியால் வரும் மனநோய், அதாவது பி.டி.எஸ்.டி., என்று எழுதி மாத்திரை கொடுத்திருந்தார்.

அவிநாசிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் செக்யூரிட்டி. பகல் ஷிப்ட், முன்வாசல் கேட்டில் நாற்காலி. அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது. துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் அனுப்பிய ஆடிட்காரர்கள், செக்யூரிட்டி எல்லோரும் எல்லா இடத்திலும் மாறி மாறி நிற்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். ராத்திரி ஷிப்ட், ஜெனரேட்டர் ரூம், லோடு இறக்குகிற இடம் எல்லாமே முறை போட்டு. மாற்றுத்திறனாளி அட்டை இருந்தால் மட்டும் விலக்கு. அடுத்த ஆடிட்டுக்குள் அட்டை வந்தால் அவர் அங்கே இருக்கலாம். வராவிட்டால் முறை போட்டுத்தான் ஆக வேண்டும். முறை போட்டால் அவரால் ஒரு வாரம்கூடத் தாங்க முடியாது என்று மனைவிக்குத் தெரியும். அங்கே போகாமல் வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதும் சரஸ்வதிக்குத் தெரியும். கம்பெனியில் சேர்வதற்கு முந்திய இரண்டு வருஷம் ஆறுமுகம் அறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு கிடந்தவர்.

குழுவுக்கு வந்த அன்று ஆறுமுகம் எப்படி இருந்தார் என்கிறீர்கள்! மழுங்கச் சிரைத்த முகம், கத்தி மடிப்பு வைத்த பேண்ட், முகம் பார்க்கலாம் போல ஷூ. ஃபைலை இரண்டு கையாலும் நீட்டினார். எதைக் கேட்டாலும் ஒண்ணும் குறை இல்லீங்க மேடம் என்ற பதில்தான். ஃபைலில் முதல் தாளாகக் கம்பெனி லெட்டர்பேடில் ஒரு கடிதம். முதலாளி சென்னியப்பன் கையெழுத்து. ‘இவர் காலம் தவறாதவர், கடின உழைப்பாளி, லீவு போடாதவர், எந்தக் குறையும் இல்லாதவர்.’

எங்கள் பக்கத்தில் ஒருவரை அரசாங்க அலுவலகத்துக்கு அனுப்பினால் கையில் நல்ல வார்த்தை எழுதிக் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். அது மரியாதை. ஊனம் இருக்கிறது என்று சான்றிதழ் வாங்கப் போகிறவருக்கு, எந்தக் குறையும் இல்லாதவர் என்று எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அந்த நல்ல மனிதர் யோசிக்கவில்லை. இதே மண்ணில் பிறந்து வளர்ந்த நானாவது யோசித்திருக்க வேண்டாமா? அன்றைக்கு டாக்டர் ஜெபமணி சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாக வேறு ஊர் டாக்டர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வரிசை வராண்டாவைத் தாண்டி நின்றது. நான் பென்சிலை ஓட்டினேன். பராமரிப்பு பூஜ்யம், பழக்கம் ஒன்று, பேச்சு ஒன்று, வேலை பூஜ்யம், வருஷக் கணக்கு நான்கு. மொத்தம் ஆறு. வந்த டாக்டர் என் குறிப்பை நம்பி மை போட்டார். ஆறுமுகம் நன்றி சொல்லி, காகிதத்தை மடிக்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்துச் சென்னியப்பன் நேரில் வந்தார். வெள்ளை வேட்டி, அறுபது வயது இருக்கும், கோபத்திலும் கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"ஏனுங்க அம்முணி, இத்தன நல்லா எழுதிக் குடுத்தும் அட்டை தரமாட்டேன்னுட்டீங்களே, இன்னும் என்னதானுங்க எழுதோணும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் நல்லா எழுதினதுதானுங்க கெடுதி என்று விளக்கினேன். மனிதர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, இங்கே சொல்ல முடியாது, ஒரு மதியம் கம்பெனிக்கு வாருங்கள், கேட்டுக்குப் பக்கத்தில் வராமல் பின்பக்கமாக வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாராபுரம் பஸ்ஸில் ஏறிப் போனேன். நான் போன நேரம் சாயப்பட்டறையிலிருந்து துணி லாரி வந்து நின்றது. சாயம் ஏற்றிக் காய வைத்த பனியன் துணியை உருளையாகச் சுற்றி வரும் ரோல், ஒன்று இருபது கிலோவுக்குக் குறையாது. லாரி மேலே நிற்கிறவர் தள்ளிவிட, கீழே தொம்மென்று விழும். எந்தக் கம்பெனியிலும் பார்க்கிற காட்சிதான். ஆனால் இங்கே ஒவ்வொரு ரோலையும் தள்ளுவதற்கு முன்னால் மேலே நின்ற ஆள் "வருதுங்கோ" என்று குரல் கொடுத்தார். ஒன்றிரண்டு ரோலுக்கு அல்ல. ஒவ்வொன்றுக்கும். குரல், ஒரு மூச்சு இடைவெளி, பிறகு தொம். அவர் பீகார்க்காரர். தமிழில் அவர் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தையே அதுதானாம். எதற்கு என்று கேட்டேன். முன் கேட்டுப் பக்கம் கண்ணைக் காட்டி, "ஹவில்தார் சாப்" என்றார்.

சென்னியப்பன் மெல்லச் சொன்னார். ஆறுமுகம் சேர்ந்த முதல் வாரம் லாரியிலிருந்து ரோல் விழுந்தபோது, கேட்டுக்குப் பக்கத்தில் தலை மேல் கைகளை வைத்துக் குப்புறப் படுத்துவிட்டாராம். எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு, வழுக்கிவிட்டது என்றாராம். பார்த்த எல்லோரும், ஆமாங்ணா, தரை வழுக்குதுங்க என்றார்களாம். மறுநாளிலிருந்து யாரும் யாருக்கும் சொல்லாமலே இந்தக் குரல் தொடங்கியிருக்கிறது. அவர் நாற்காலியைச் சுவரில் முதுகு படுகிற மாதிரி திருப்பிப் போட்டார்கள். டீ கொண்டு போகிறவர் எப்போதும் முன்பக்கமாகத்தான் போவார். நான்கு வருஷமாக இப்படி.

"அவருகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க அம்முணி. அவருக்காகத்தான்னு தெரிஞ்சா கூச்சப்பட்டு வேலைய விட்டு நின்னுக்குவாரு" என்று கேட்டுக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். ஒரு கம்பெனியே சேர்ந்து தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒருவரைப் பார்த்து, தானாக நிற்கிறார் என்று நான் எழுதியிருக்கிறேன். மறுநாள் டாக்டர் ஜெபமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. மறு ஆய்வுக்கு மனு வாங்கி, வருகிற புதன் முதல் பெயராகப் போடச் சொன்னார். லாரி விஷயத்தை என் குறிப்பில் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"அவரு முதுகுக்குப் பின்னால ஒரு வரிகூட எழுதக் கூடாதும்மா. அவருக்குத் தெரியாம அவரைப் பத்தி எழுதி நாம அட்டை குடுத்தா, அது நாளைக்கு அவரு கையில நிக்காது" என்றார்.

அப்படியானால் எப்படி என்று எனக்குப் புரியவில்லை. சொன்னால் அவருடைய மானம் போகும், சொல்லாவிட்டால் வேலை போகும். ஆடிட்டுக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

புதன்கிழமை ஆறுமுகம் அதே மடிப்போடு வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் சரஸ்வதி. டாக்டர் பென்சிலைப் படுக்க வைத்தார். நேற்று எழுந்ததிலிருந்து சொல்லச் சொன்னார். ஆறுமுகம் மேலதிகாரிக்கு ரிப்போர்ட் கொடுப்பது போல ஒவ்வொன்றாகச் சொன்னார். மூன்று மணிக்கு எழுந்தார். எதற்கு? கதவு பார்க்க. முன்கதவு, பின்கதவு, மாடிக் கதவு. எத்தனை தடவை என்ற கேள்விக்குச் சரஸ்வதி, விடிகிற வரைக்குமுங்க என்றார். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை என்றும், மகளின் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே நின்றுவிட்டு வந்துவிடுவார் என்றும் சொன்னார். பிறகு எட்டு மணிக்குக் கம்பெனி. ரிஜிஸ்டர் எழுதியது. மதியச் சாப்பாடு. சாயப்பட்டறை லாரி வந்தது. லோடு இறக்கினார்கள்.

அங்கே நின்றுவிட்டார். டாக்டர் ஒரு வாய் வெந்நீர் குடித்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இறக்கும்போது?" என்றார் டாக்டர்.

"பசங்க சத்தம் குடுத்துத்தானுங்க சார் தள்ளுவாங்க. ஒவ்வொரு ரோலுக்கும்."

"எல்லாக் கம்பெனியிலயும் அப்படித்தானா?"

ஆறுமுகம் கைக்குட்டையை எடுத்து, வியர்க்காத நெற்றியைத் துடைத்தார்.

"இல்லீங்க சார். எங்க கம்பெனியில மட்டும்தானுங்க. எனக்காகத்தான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டிருக்காங்க. நானும் தெரியாத மாதிரியே இருந்துக்கறேன். தெரியும்னு காட்டிக்கிட்டா அவங்களுக்குச் சங்கடமாப் போயிருமுங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான்கு வருஷமாக அவர்கள் இவருக்காக மறைத்திருக்கிறார்கள், இவர் அவர்களுக்காக மறைத்திருக்கிறார்.

அந்தக் குரல் இல்லாமல் ஒரு நாள் வந்தால் என்ன ஆகும் என்று டாக்டர் கேட்டார்.

"வந்துச்சுங்க. போன தீபாவளிக்குப் பசங்கெல்லாம் ஊருக்குப் போயிட்டாங்க. புது ஆளுங்க வந்து இறக்குனாங்க. நான் கேட்டு ரூம்ல பெஞ்சுக்கு அடியில இருந்தேனுங்க சார், லாரி போற வரைக்கும். யாரும் பாக்கலீங்க."

சரஸ்வதிக்கு இது தெரியாது. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். டாக்டர் பென்சிலை எடுத்தார். பழக்கம் இரண்டு. வேலை இரண்டு. பேச்சு முன்பு போலவே ஒன்று. வருஷம் நான்கு. ஒன்பது வந்தது. ஆறுமுகத்தை எழுந்து கதவு வரை போகச் சொன்னார். கைப்பிடியைத் தொடுவதற்கு முன் அவர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். டாக்டர் பேனாவை எடுத்து, ஐம்பது சதவீதம் என்று எழுதினார். கீழே, சுழற்சிப் பணியும் லோடு இறக்கும் இடமும் கூடாது, தற்போதைய இருக்கையே ஏற்றது என்று ஒரு வரியும் சேர்த்தார். அப்பாடா என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். டாக்டர் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டார்.

ஆடிட்டில் அந்த அட்டையைப் பார்த்ததும் மறு பேச்சு இல்லை என்று பின்னால் சென்னியப்பன் போனில் சொன்னார். ஆறுமுகம் அதே கேட்டில், அதே நாற்காலியில் தொடர்ந்தார். குழு அறையில் பேசியதை நாங்கள் யாரும் கம்பெனியில் சொல்லவில்லை. அவரும் சொன்னதாகத் தெரியவில்லை.

அந்தப் புதன்கிழமை ஆறுமுகமும் சரஸ்வதியும் கிளம்பும்போது வராண்டா வரை கூடப் போனேன். சொல்லாமல் விட்டால் தப்பு என்பதால் சொல்லிவிட்டேன். போன தடவை அந்தப் பூஜ்யத்தைப் போட்டது நான்தானுங்க, மன்னிக்க வேண்டும் என்றேன்.

சரஸ்வதி முந்திக்கொண்டார். "அன்னைக்கு மைசூர்பாகு வாங்கிட்டு ஊட்டுக்கு வந்தாருங்க."

ஆறுமுகம் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"ஆமாங்க மேடம். ஒரு கவர்மெண்ட் ஆபீஸே உனக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்திருச்சேன்னு சந்தோசமா இருந்துச்சுங்க. ஆனா அன்னைக்கும் மூணு மணிக்கு எந்திரிச்சுட்டேன். ஒண்ணுமில்லாத மனுசன் எதுக்கு எந்திரிக்கறான், அப்ப நான் வெறும் பயந்தாங்கொள்ளிதானாட்டம் இருக்குதுன்னு நெனச்சுட்டு உக்காந்திருந்தேனுங்க, விடியற மட்டும்." அட்டைக்கான காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்து, பையின் பட்டனையும் போட்டார். "இன்னைக்கும் எந்திரிப்பேனுங்க. ஆனா அப்படி நெனைக்க மாட்டேன்."